என் மகள் போட்ட முதல் அதட்டல்

என் கணவருக்குப் பேச்சு என்றாலே வேப்பங்காய். கேட்ட கேள்விக்கு ஒரு 'ம்', கேட்காத கேள்விக்கு அதுவும் இல்லை. வளைகாப்புக்குப் பிறகு, சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் வாயாடியது என் கண்ணாடி வளையல்கள்தான். அந்தச் சத்தம் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்று போட்டுவிட்டவர்கள் சொன்னார்கள். பாவம், அதற்குக் கேட்டது அது மட்டும்தான்.

அப்போது எனக்கு ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைக் கண்டாலே குமட்டும். வாயே திறக்காத மனிதர் தினமும் முருங்கைக்கீரையை ஆய்ந்து பொரியல் செய்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். ரத்தமும் ஏறியது, மகளும் நல்லபடியாகப் பிறந்தாள்.

ஆனால் இரண்டு வயது நெருங்கியும் அவள் பேசவில்லை. சிரிப்பாள், கையைக் காட்டுவாள், 'ம்' என்பாள். என் ரத்தக் குறைவு பிள்ளையின் மூளையைப் பாதித்துவிட்டதோ என்று பயந்தேன். குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அந்த அம்மா பொறுமையாகச் சோதித்தார்.

"காது நல்லா கேக்குது. சொல்றதயும் புரிஞ்சிக்கிறா. பகல்ல இவகூட யாரு பேசுறீங்க?"

நான் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவேன். கணவருக்கு மாலை ஷிப்ட், பகல் முழுக்க மகள் அவரிடம்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் "ம்" என்றார்.

"கண்ணுல படுறத எல்லாம் சொல்லிக்கிட்டே இருங்க. கொஞ்ச நாள் கழிச்சி கூட்டிட்டு வாங்க."

வீட்டில் தனியாகப் பேச அவருக்குக் கூச்சம். மகளை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு கருவடிக்குப்பம் வரை சுற்றக் கிளம்பினார். ஹெல்மெட்டுக்குள் முகம் இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "மாடு, சிக்னல், மீன் கூடை" என்பார். மற்றதை எல்லாம் மறைத்துவிட்டார்.

மறுபடி மருத்துவரிடம் போனோம். அவர் டார்ச்சோடு முகத்துக்கு நேரே குனிந்தார். மகள் புருவத்தைச் சுருக்கினாள்.

"யோவ்! ஓரமாப் போயா!"

மருத்துவர் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இல்ல டாக்டர், டெம்போக்காரன் ஒருத்தன் குறுக்க வந்துட்டான், அதான் ரெண்டு வார்த்த..." என்று ஆரம்பித்த கணவர் நிறுத்தவே இல்லை. டெம்போ வந்த வழி, பிரேக் பிடித்த இடம், எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் முடிக்கும் வரை மகள் அவர் மடியில் உட்கார்ந்து 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.