பஞ்சு பிடுங்கிய டப்பா

கடகடவென்று அந்தச் சத்தம். மூன்றாம் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகள்தான், காலை எட்டு மணிக்கு என் மாத்திரை டப்பாவை என் காதருகே ஆட்டுகிறாள். முழு டப்பா அதிகம் பேசாது. பாதி தீர்ந்தால் தெருவையே கூப்பிடும்.

ஒரு காலத்தில் அதன் வாயில் பஞ்சை அடைத்தேன். இவள் வயிற்றில் நான்கு மாதம். வாந்தி தாங்காமல் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் கிடந்தேன். எனக்கு எச்.ஐ.வி. என்பது கணவருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அண்ணனும் அண்ணியும் நடமாடும் வீட்டில் டப்பா வாய் திறக்கலாமா? தனியாக இருக்க முடிந்த நாளில் விழுங்கினேன். முடியாத நாட்களே அதிகம்.

ஏழாம் மாதம், கணவர் ஊரான விழுப்புரத்தில், ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். கிருமி ஏறியிருந்தது. பழைய மாத்திரைக்குப் பழகிவிட்டது, இனி அதற்கு அடங்காது, வேறு மாத்திரை என்றார் டாக்டர். பிரசவத்துக்குள் இறங்காவிட்டால் பிள்ளைக்கும் போகலாம்.

மாத்திரை கொடுக்கும் அக்கா பழைய டப்பாவைத் திறந்து பஞ்சைப் பிடுங்கினார்.

"உனுக்கு வெக்கம், கிருமிக்குக் கொண்டாட்டம். ஒளிச்சி வெச்சிக்கினு யாரைம்மா காப்பாத்தினே?"

வளைகாப்பு முடிந்ததும் வழக்கப்படி மறுபடி திண்டிவனம். கை நிறையக் கண்ணாடி வளையல். புது டப்பாவை நேராக ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தேன்.

"இன்னாது, சத்து மாத்திரையா?" என்றார் அண்ணி.

"எச்.ஐ.வி. மாத்திரை அண்ணி."

அம்மா பாய்ந்து வந்தாள். "உள்ள வைடி, பேஜாரு பண்ணாத."

"உள்ள வெச்சதாலதாம்மா இந்தக் கதி."

அண்ணி ஒரு அடி தள்ளி நின்றார். "அப்ப டம்ளரத் தனியா வெச்சிடவா?"

"வைங்க. பெரிய டம்ளரா வைங்க. மாத்திரை பெருசு."

மறுநாள் காலை அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "ஃபிரிட்ஜ் மேல வேணாம்னு சொல்லு."

எட்டு மணி. எல்லார் முன்னாலும் விழுங்கினேன். பையை எடுத்தேன். டப்பாவுக்கு இடமில்லாத வீட்டில் எனக்கு மட்டும் என்ன இடம்?

பிரசவம் விழுப்புரத்தில்தான். ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை: மகளுக்கு இல்லை. இல்லவே இல்லை.

பையை எடுத்த அந்தக் காலையில் அது யாருக்குத் தெரியும்? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். ஊர் வாயைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

"தினம் எட்டு மணிக்குப் போன் பண்றேன். போட்டியான்னு கேட்டா பொய் சொல்லுவ. போட்டுட்டு டப்பாவ ஆட்டு. என் காதுல விழணும்."