எட்டு வரை எண்ணிய முகம்

எழுபதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவில் ஒரு சீனருடைய படக்கடையில் வேலை பார்த்தேன். இருட்டறை என் பொறுப்பு. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவளுக்குக் கொழுந்துக் கூடை தூக்காத வேலை கிடைத்ததில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அங்கே நேரம் காட்டும் கருவி எதுவும் கிடையாது. நெகட்டிவ் வழியாக வெளிச்சத்தைத் தாளில் விழவைத்து, வாயால் எண்ண வேண்டும். தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டுக்கு ஓர் எண். எண்ணிக்கை கூடினால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். பன்னிரண்டு எண்ணினால் முகம் உள்ளது உள்ளபடி வரும். ஆனால் எஸ்டேட்காரர்களுக்கு நான் எட்டோடு நிறுத்திவிடுவேன். "கொஞ்சம் வெள்ளையா போட்டுக் குடு பாப்பா" என்று கேட்காதவர்களே இல்லை. கறுப்பாக வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்குக் குடியுரிமை நேர்காணல் வந்தது. அவளிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காது, கப்பலேற்றி விடுவார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டில் ஏற்கெனவே தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டார்கள். கைக்குழந்தையாக இந்த மலைக்கு வந்தவள் அம்மா. இந்தியாவில் அவளுக்கென்று ஒரு வாசல் கிடையாது.

விண்ணப்பத்துக்கான படத்தை நானே எடுத்து, நானே போட்டேன். அம்மாவாயிற்றே, எட்டுகூட எண்ணவில்லை, ஏழு. வெயிலே படாத துரைசாணி மாதிரி வந்தாள். எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை அலுவலக மேசை வரைதான் நிலைத்தது. மலாய் அதிகாரி பழைய அட்டையையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அம்மாவின் இடது கன்னத்தில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளை கிழித்த நீளமான தழும்பு. பழைய படத்தில் அது இருந்தது. என் படத்தில் கன்னம் வழவழவென்று கிடந்தது.

"இனி சியாப்பா?" இது யார் என்று கேட்டார்.

"சாயா லா, துவான்." நான்தான், ஐயா என்றாள் அம்மா.

அவர் மறுபடி பார்த்தார், மறுபடி கேட்டார். அம்மா மறுபடி நான்தான் என்றாள். வேறு படம் கொண்டுவருகிறேன் என்று மலாயில் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். மதிய ஓய்வுக்குள் கொண்டுவந்தால் சரி. இல்லையென்றால் காகிதம் திரும்பிவிடும், அடுத்த தேதி எப்போது என்று அவருக்கே தெரியாது. கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மாவை பெஞ்சில் தனியாக விட்டுவிட்டு ஓடினேன். கடை முதலாளி தவுக்கே, கம்போங் ராஜா ஊருக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தார். கடையைத் திறந்து, இருட்டறையைச் சாத்தி, பன்னிரண்டு எண்ணினேன். மருந்துத் தட்டில் தாளை அமிழ்த்திக் காத்திருந்தேன். மெதுவாக எழுந்து வந்தது அதே வெள்ளை முகம், தழும்பு இல்லாமல். பன்னிரண்டுதானே எண்ணினேன்? நெகட்டிவே கெட்டுவிட்டதா? சிவப்பு விளக்கின் கீழ் அந்த முகம் என்னை யாரென்று கேட்பதுபோல் பார்த்தது.

அப்போதுதான் குழாய்ச் சொட்டு காதில் விழுந்தது. பயத்தில் நான் அதைக் கேட்கவே இல்லை. என் நெஞ்சு அடித்த வேகத்துக்கு எண்ணியிருக்கிறேன். என்னுடைய பன்னிரண்டு பழைய எட்டாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொரு தாளை வைத்தேன். சொட்டு விழுந்தால் மட்டும் எண் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முகம் முழுக்கக் கறுத்தால் கண்கள் இருட்டில் போய்விடும். கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டைத் துண்டை நடுவில் மூன்று எண்களுக்குக் கண்கள்மேல் ஆட்டி, அங்கே மட்டும் வெளிச்சத்தை மறைத்தேன். கன்னத்துக்குப் பன்னிரண்டு முழுசாக. தட்டில் முதலில் முடி வந்தது, அப்புறம் கண், அப்புறம் ஒரு கோடு. தழும்பைப் பார்த்து அழுதேன்.

ஈரம் முழுதும் காயாத படத்தை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதிகாரி எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி அம்மாவின் முகத்தருகே பிடித்துப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, காகிதத்தில் முத்திரை குத்தினார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். அம்மா சொன்னாள், "நாந்தான் நாந்தான்னு சொல்லிட்டே இருந்தேன். அவரு பாக்கப் பாக்க எனக்கே சந்தேகமாயிருச்சு லா. அந்தப் படம் ஏன் அப்படி வெளுத்துப் போச்சு?"

மிஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தாம்மா வெளுக்க வச்சேன். நீ அழகா இருக்கணும்னு."

அம்மா முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். தழும்பின்மேல் விரல் ஒரு கணம் நின்றது.

"ஏன்டி, என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறினாள்.