மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

மூச்சிரைப்புக்கு மருந்து உறிஞ்சும் பம்ப்பை ஒருமுறை வாயில் வைத்தவர் சாகும்வரை அதை விட முடியாது என்று எங்கள் குடும்பம் நம்பியது. மாத்திரை என்றால் நோய். பம்ப் என்றால் கடைசிக் கட்டம். ராயபுரத்தில் எங்கள் சந்தில் மூச்சிரைப்புக்காரர்கள் பலர் இருந்தும், பிறர் கண்முன்னே பம்ப்பை எடுத்து உறிஞ்சுகிறவர்கள் குறைவு. என் கணவருக்கு மருத்துவர் சொன்னது நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு. வீட்டில் அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சளி.

அவர் துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் அடிவயிற்றில் நடப்பது மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. விளிம்பில் நிற்கும் சிக்னல்காரரின் கைகளைப் பார்த்துத்தான் சுமை இறங்கும், நிற்கும், திரும்பும். சுமை அந்தரத்தில் தொங்கும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கீழே ஆட்கள் நிற்கிறார்கள். வேலைக்காலம் முழுவதும் அப்படி நின்ற மனிதர், வீட்டில் பால் பொங்குவதையும் அதே நிலையில்தான் நின்று பார்ப்பார்.

மூச்சிரைப்பைவிட அது வரப்போகிறதே என்ற அச்சம் அவரை அதிகமாக முடக்கியது. மாடிப்படியைப் பார்த்ததுமே தோள்கள் மேலேறிவிடும். இதைக் கவனித்த மருத்துவர், அதே மருத்துவமனையில் வாரந்தோறும் நடந்த மனக்கவனத் தியான வகுப்புக்கு எங்களை அனுப்பினார். நடத்தியவர் ஓர் இளம்பெண், பிசியோதெரபிஸ்ட். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம், வருவதையும் போவதையும் கவனித்தால் போதும் என்றார். நுரையீரல் இதனால் குணமாகாது. பயம் தணிந்தால் பயம் கூட்டுகிற இறுக்கம் தணியும். மருந்தை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லி முடித்தார். நான் கிளை நூலகம் ஒன்றில் பணியாற்றியவள். இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தப் பெண் சொன்னதில் மிகை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

தொடக்கத்தில் மூச்சைக் கவனித்ததுமே என் கணவருக்குப் படபடப்பு வந்தது. அந்தப் பெண் மூச்சை விட்டுவிட்டுப் பாதங்கள் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னார். அங்கிருந்து மெல்ல மெல்ல மூச்சுக்கு வந்தார்.

என் நாத்தனார் காசிமேட்டில் மீன் விற்கிறவள். ஏலம் முடிந்து வரும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் மீன் கொடுத்துவிட்டுப் போவாள். அண்ணன் நாற்காலியில் கண்மூடி இருப்பதை முதன்முதலாகப் பார்த்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாண்ணா, அசையாம குந்திகினா மூச்சு வந்துருமா? ஐஸ் பொட்டில கீற மீனுங்ககூட அசையாமத்தான் கீது.”

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். சிரித்தும் இருமவில்லை. அதை நாங்கள் இருவருமே கவனித்தோம்.

சில வாரங்களில் படியேறும்போது நடுவில் நின்று, பாதங்களை உணர்ந்து, மறுபடி ஏறப் பழகினார். குடும்பம் உடனே தன் முடிவுக்கு வந்தது. தியானம் என்பது பம்ப்பிலிருந்து விடுதலை. கேலி செய்த நாத்தனாரே, அண்ணனுக்குப் பம்ப்பு விட்டுப்போயிற்று என்று மீன் மார்க்கெட் முழுவதும் சொல்லிவைத்தாள். நான் பயந்தது அப்போதுதான். புதிய பம்ப் வாங்கும் நாள் கடந்தும் பழையது தீராமல் இருந்தது. கேட்டேன். எல்லாம் கைக்குள் இருப்பதாகவும் நான் பேஜார் பண்ணாமல் இருந்தால் போதுமென்றும் சொன்னார். வகுப்பில் சொன்னதை நினைவூட்டினேன்; தலையாட்டினார். காலையும் மாலையும் அவர் அமைதியாக உட்கார்ந்திருக்க, நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டு, வெளியே கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கிடையே அவருடைய மூச்சைத் தேடிக்கொண்டிருப்பேன்.

போகியன்று விடிந்தபோது தெருவே தெரியவில்லை. பனியோடு டயர்ப் புகை கலந்து இறங்கியிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தேன். திரும்பியபோது அவர் நாற்காலியில் இருந்தார். கண்கள் மூடியிருந்தன, முதுகு நேராக இருந்தது. முகத்தில் கலக்கம் ஏதுமில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. உதடுகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

மீனோடு வந்த நாத்தனார் கூடையைத் தரையில் போட்டாள்.

“அண்ணி, அந்தப் பம்ப்பு எங்க கீது?”

அதற்குள் அதை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். அவர் முன்னால் மண்டியிட்டு, அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வேண்டாமென்று தலையசைத்தார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது போல மறு கையை லேசாக உயர்த்தினார். அழக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். என் பதற்றம் அவருக்குத் தொற்றினால் மிச்சமிருக்கும் மூச்சும் போய்விடும்.

“இதையும் கவனிச்சுக்கிட்டே பண்ணலாங்க,” என்றேன். “கையில ஜில்லுனு இருக்கில்ல? அதைப் பாருங்க. அப்படியே வாய்க்குக் கொண்டு போங்க.”

விரல்கள் மூடின. பம்ப் வாய்க்குப் போனது. நாத்தனார் அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தாள். மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தார்கள். அன்றும் மறுநாளும் அங்கேயே இருந்தோம்.

பேச முடிந்ததும், எவரும் கேட்காமலே, அவர் சொன்னார்.

“லோடு மேல தொங்கினு கீற மாதிரி இருந்திச்சு. கண்ண எடுத்தா வுயுந்துடும்னு குந்திகினேன்.”

பம்ப்பை எட்டி எடுப்பது அவரைப் பொறுத்தவரை சுமையிலிருந்து பார்வையை விலக்குவதாக இருந்திருக்கிறது. வகுப்பு நடத்திய பெண் இதைக் கேட்டு நாற்காலியை அவர் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு, கவனிப்பதென்பது தாங்கிப் பிடிப்பதல்ல என்று அவரிடம் பொறுமையாக விளக்கினார். உதவி வேண்டும் என்று உடம்பு சொல்வதைக் கேட்பதும் கவனத்தில் சேர்ந்ததுதான். என்னிடம் தனியாக, நீங்களும் சேர்ந்து உட்காருங்கள் என்றார்.

உட்காருகிறேன். முதலில் பம்ப், அதன் பின் தியானம் என்று இப்போது ஒழுங்கு வைத்திருக்கிறோம். அவருக்கு வருவது போன்ற அமைதி எனக்கு வாய்க்கவில்லை. கண்ணை மூடினால் என் மூச்சு எனக்குக் கேட்பதில்லை, அவருடையதுதான் கேட்கிறது. அது சற்றுத் தாமதித்தால் என் தோள்கள் மேலேறி இறுகிவிடுகின்றன. அந்த இறுக்கத்தைப் பார்க்கப் பழகுகிறேன். எழுந்து போய் அவரைத் தொட்டுப் பார்ப்பதையும் விடவில்லை.

அவரோடு கப்பலில் வேலை செய்த கூட்டாளிகளில் பலர் இன்று இல்லை. மாதா கோயில் திருவிழாவில் அவர்களுடைய மனைவிமார் மட்டும் வந்து என்னோடு நிற்கிறார்கள். இவர் இருக்கிறார். நானும் இருக்கிறேன்.