சீரில் சொல்லாமல் விட்டது

பூதலூரிலிருந்து போன் வந்தது. எடுத்த என் மருமகள் உமா "அம்மா..." என்றதோடு நின்றுவிட்டாள். அவளைப் பெற்றவர், என் சம்பந்தி தனபாக்கியம் போய்விட்டார். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஐந்தாவது படித்தவள் நான். எழுத்துப் பிழையை இன்ஜினியரான என் பேத்தி யாழினி திருத்தினாள். "ஊருக்கே தெரிஞ்சதுதானே, எல்லாத்தையும் எழுதுங்க அப்பாயி" என்றதும் அவள்தான்.

அப்போது அவளுக்கு நாகப்பட்டினத்து வரன் பேசி முடிக்கும் நேரம். வெற்றிலை பாக்குத் தட்டோடு சம்பந்தி எங்கள் தஞ்சாவூர் வீட்டுக்கு வந்தார். கல்யாண விஷயம் என்று நினைத்து இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன்.

"உமாவோட அனுப்பின சீர்ல, சொல்லாம விட்ட சாமான் ஒண்ணு இருக்கு சம்பந்தி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய். எந்த மருந்து சரிப்படும் என்று பார்க்க எடுத்த மரபணுப் பரிசோதனையில், யாரும் கேட்காத பதிலும் சேர்ந்து வந்திருந்தது. நோய் அவர் பிறந்த வழியில் வருவது. உமாவுக்கும் யாழினிக்கும் அது இறங்கியிருக்கலாம்.

என் மகன் கொதித்தான். "கல்யாணம் முடியட்டும்னு இருந்திருக்கக் கூடாதா அத்தை?"

"கல்யாணம் காத்திருக்கும் மாப்பிள்ளை. கட்டி காத்திருக்குமா?"

'உமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், சொல்லாதே' என்று அவருடைய அண்ணன்கள் தடுத்தார்களாம். மீறி வந்தவரின் கண், திருப்பித் தந்துவிடுவேனோ என்று என் கையிலிருந்த தட்டைவிட்டு நகரவில்லை. நான் அதைச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

பரிசோதனையில் உமாவுக்கும் அது இருந்தது. முன்னெச்சரிக்கையாக ஆபரேஷனில் எடுத்த சினைப்பையில் கட்டி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தேறிவிட்டாள். வரன் வீட்டாரிடம் யாழினியே போனில் சொன்னாள். விலகிக்கொண்டார்கள், ஊரெல்லாம் சொல்லவும் செய்தார்கள். சம்பந்தி வீட்டுப் படியேறுவதை நிறுத்திய அண்ணன்மார், பாடை கட்டும்போதுதான் வந்தார்கள்.

யாழினி மட்டும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவில்லை. "எனக்கு இப்ப தெரிய வேணாம் அம்மாச்சி" என்று சம்பந்தியிடம் சொன்னாள். நான் பதறினேன். படுக்கையிலிருந்த சம்பந்தி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னார்: "சொல்ல வேண்டியது என் பொறுப்புடி. கேக்குறது உன் இஷ்டம்."

பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தியில் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் அவளையே பார்த்தேன்.

"என்ன அப்பாயி முறைக்கிறீங்க? மூணாவது தடவை பாயசம் ஊத்தினது நீங்கதானே?"

'எப்போது ரத்தம் கொடுப்பாய்?' என்று வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். விழுங்குவது லேசாக இல்லை. சம்பந்தி கையின் அழுத்தம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அவளாகக் கேட்கும் நாளில் துணைக்கு நான் போவேன்.

தட்டை நான் திருப்பித் தரவில்லை, சம்பந்தி.