ஈய மணலில் சவுக்கு நட்டவள்

ஈயம் தோண்டுகிறவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு மணலை விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மணலில் மரம் வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. சுடுமணலில் கன்று நட்டுக் கை பொரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும்.

ஜோடி வேலை

கோலாலம்பூரில், செந்தூலுக்கு அப்பால் வேலை. புருஷன் குழி வெட்டுவார், பெண்சாதி சவுக்குக் கன்று நடுவாள். நட்டதில் பாதி பட்டுப்போகும். மறுகன்று வைக்கும்போதெல்லாம் ஆத்திரம் வந்து என் வீட்டுக்காரர் முனியாண்டியைத் திட்டுவேன். அவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "பட்டது கன்னு, திட்டு எனக்கா?" என்பார்.

லோரி

ஜப்பான்காரன் காலம். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், லோரி வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், ஆம்பளைகள் ஏற வேண்டுமாம். அழக்கூட நேரமில்லை. லோரி நகரும்போது அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "குழியெல்லாம் வெட்டி வெச்சிருக்கேன், நட்டு முடி. அதுக்குள்ள வந்துர்றேன்."

கடைசிக் குழி

எல்லாவற்றிலும் நட்டேன், ஒன்றைத் தவிர. அதிலும் நட்டுவிட்டால் அவர் சொன்ன கெடு முடிந்துவிடுமே. மழை பெய்தால் மணல் சரியும். காலையில் முதல் வேலையாக அதை அள்ளி வெளியே போடுவேன். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் எடுத்ததற்கெல்லாம் ஏசுகிற மனுஷன். நான் அள்ளுவதைப் பார்த்த அன்றைக்கு ஏசவில்லை. "மணலு சரிஞ்சிக்கிட்டேதான் இருக்கும்லா. நீ எத்தன நாளைக்கு அள்ளுவ?"

மரவள்ளி

அரிசி கண்ணில் படாத காலம். பக்கத்து வீட்டுப் பாக்கியம் என் சவுக்கு வரிசைக்குள் மரவள்ளிக் குச்சி ஊன்றினாள். இது அவர் குழி வெட்டின இடம் என்று சண்டைக்குப் போனேன். அவள் புருஷனும் அதே லோரியில் போனவர்தான். ஊன்றுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "அவங்க வர்றப்ப நாம உயிரோட இருக்க வேணாமா, அக்கா?"

சயாமிலிருந்து வந்தவன்

ஜப்பான்காரன் போனபின் ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். நான் தினமும் கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அவரோடு லோரியில் போன வேலு ஒருநாள் எலும்பும் தோலுமாக இறங்கினான். அவரைக் காய்ச்சலோடு கொட்டகையில் போட்டிருந்தார்கள், அப்புறம் பார்க்கவில்லை என்றான். அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்கப் பயம். "காடு வெட்டுற வேலதான், அக்கா. மரம் சாயிறப்பல்லாம், 'எம் பொண்டாட்டி பாத்தா என்னய வெட்டிப்புடுவா'ன்னு சொல்லிச் சிரிப்பாரு."

அவர் அங்கே வெட்டியதையும் நான் இங்கே நட்டதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், எங்கள் குடும்பத்தால் காட்டுக்கு நஷ்டமில்லை, எனக்குத்தான்.