ஓடாத ஓட்டத்துக்கு ஒரு மெடல்

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. என்னைவிட இரண்டே வயது இளையவள். ஆனாலும் அந்தச் சிறப்புப் பள்ளியில் எல்லோரும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் மாதம் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே கோபம் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடியவள் என்று யாரோ சொல்ல, கே.கே. நகரில் இருந்த அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஓட்டம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். ஞாயிறுதோறும் வருகிறேன் என்றேன். பள்ளிக்கு மைதானம் கிடையாது. தண்ணீரில்லாத வண்டியூர் தெப்பக்குளத்துக்குள் இறங்கி, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வருவதற்குள் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்வோம். அவள் வீடு பக்கத்துத் தெருவில். சௌராஷ்டிரக் குடும்பம். அம்மாவும் மகளும் தங்கள் பாஷையில் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கி வருவார்கள்.

விசில் ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதனால் கைக்குட்டையைக் கீழே போட்டு ஓடச் சொன்னேன். நேராக ஓட ஒரு மாதம் ஆனது. பின்னால் வருகிறவளுக்காக நின்று காத்திருக்காமல் ஓட இன்னும் இரண்டு மாதம். ஒருநாள் அவளோடு ஓடும்போது வேண்டுமென்றே பின்தங்கினேன். கோட்டைத் தாண்டியதும் திரும்பி வந்து என் கையைக் கிள்ளினாள்.

"ஏமாத்துற அக்கா. ஒழுங்கா ஓடு."

அதன்பிறகு ஒழுங்காக ஓடினேன். வாராவாரம் தோற்றாள். ஆனால் வாராவாரம் எனக்கு முன்னாலேயே குளத்துக்கு வந்து காத்து நின்றாள்.

மாவட்டப் போட்டி வந்தது. காலை பத்து மணிக்கு ஐம்பது மீட்டர் ஓட்டம் என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது பன்னிரண்டரை. அதுவரை எல்லோரையும் கையில் பூவோடு வெயிலில் இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வந்தவர் இவர்கள் கடவுளின் குழந்தைகள் என்று பேசினார். அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதாம். அத்தனை பேர் கழுத்திலும் மெடலை மாட்டி, போட்டோ எடுத்து, காரில் ஏறிப் போய்விட்டார். போட்டிகள் இனிதே நிறைவடைந்தன என்றது மைக். ஒரு ஓட்டம்கூட நடக்கவில்லை.

அமைப்பாளரிடம் போனேன். "சார், இன்னும் யாருமே ஓடலையே?"

"டைம் ஆகிப்போச்சு மேடம். எல்லாருக்கும்தான் மெடல் குடுத்தாச்சே. இவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மெடலைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள். "நான் ஓடலையே."

அவர் சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டினார். "வச்சுக்க பாப்பா."

அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். "பாப்பா இல்ல. நான் ஓடணும்."

"இவங்க நாலு மாசமா ஓடிப் பழகினது உங்க போட்டோவுக்கா?" என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாற்காலிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். வெளியாள் முன்னால் சத்தமாகவே பேசாத அவள் அம்மா, வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். "எம் மக ஓடாம நான் எந்திரிக்க மாட்டேன்." இன்னும் நாலைந்து அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் மைதானத்தை அரைமணி நேரம் விட்டுக்கொடுத்தார்கள்.

ஆறு பேர் ஓடினார்கள். அவள் இரண்டாவதாக வந்தாள். காலால் தரையை உதைத்தாள், அழுதாள். வேறொரு பள்ளியிலிருந்து வந்து ஜெயித்தவளிடம், "இன்னொருக்க ஓடு" என்று சண்டைக்குப் போனாள். "முடியாது, போடி" என்றாள் அவள். அன்றைக்கு அந்த மைதானத்தில் உண்மையாகப் பேசிய இரண்டு பேர் அவர்கள்தான்.

மறுநாள் பேப்பரில் விருந்தினரின் படம் மட்டும் வந்திருந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் நம் பள்ளியைக் கூப்பிட மாட்டார்கள், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். எழுதவில்லை. அவர் சொன்னபடியே கூப்பிடவும் இல்லை. அந்த அம்மாக்களும் நானும் இரண்டு பள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு நாங்களே போட்டி நடத்தினோம். சிறப்பு விருந்தினர் என்று யாரையும் அழைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு முதல் ஓட்டம் என்று சொன்னோம். ஏழு மணிக்கே ஓடினார்கள்.