கேள்வி கேட்காத கட்டளை

எப்சிக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் ‘நிச்சயமா?’ என்பது. சென்னை ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ராஜபாளையத்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கப் போகிறேன் என்றபோது அம்மா கேட்டாள். பார்க்க வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றபோது சர்ச் சபையே கேட்டது. போதாக்குறைக்கு அவள் வேலை பார்க்கும் கருவியும் கேட்கும்.

அவள் கம்பெனியின் மென்பொருள் மொத்தமும் ஒரே கிடங்கில் தனித்தனி பேக்கேஜ்களாகக் கிடக்கிறது. பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் கருவி பொட்டலங்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடும். வரியின் வாலில் --filter போட்டுப் பெயர் சொன்னால் அது மட்டும் போகும். சொல்லாவிட்டால் எல்லாமே போகும். கடைசியில் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். --yes போட்டால் கேட்காது. எப்சி எல்லாவற்றுக்கும் --yes போட்டாள். அப்படி ஒரு தடவை அரைவேக்காட்டுப் பொட்டலம் ஒன்று வெளியே போய்விட்டது.

“இன்னொரு தடவை நடந்தா சென்னை ஆபீஸுக்கே வந்துடணும்” என்று மேனேஜர் சுயம்புலிங்கம் சொல்லிவிட்டார். எப்சி திருந்தினாளா? அவளா திருந்துவாள்!

ராஜபாளையத்தில் மாதாந்திர மின்தடை என்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, சித்தி பரிபூரணம் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். அங்கே கரண்ட் இருக்கும். கூடவே ஜெபமும் இருக்கும். ஜெபிக்காமல் சித்திக்கு மிக்சியைக்கூட ஓடவிடத் தெரியாது.

அன்றைக்கும் அங்கேதான் கட்டளையை அடித்தாள். பழக்கதோஷத்தில் --yes முதலில் விழுந்தது. --filter போடுவதற்குள் சித்தி லேப்டாப் மேல் கை வைத்துவிட்டாள்.

“செத்த நேரம் கண்ண மூடுட்டி. ஆண்டவரே, இந்தப் பிள்ள கையிட்டுச் செய்யுற காரியத்தையெல்லாம்...”

ஜெபம் தளவாய்புரத்துச் சொந்தக்காரர்களையும் சித்தியின் முழங்கால் வலியையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. ஜெபம் முடிந்த கையோடு சோற்றில் கை வைத்தே வளர்ந்தவள் எப்சி. “ஆமென்” என்றதும் கை தானாக இறங்கியது. இறங்கிய இடத்தில் என்டர் பொத்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தால், பாதி வேலை முடியாத பொட்டலங்கள் உட்பட எல்லாம் சரசரவென்று போய்க்கொண்டிருந்தன.

“எம்புட்டு வேகமா ஓடுது பாத்தியா? ஜெபத்தக் கேட்டுட்டாரு” என்றாள் சித்தி.

போன் அடித்தது. என்ன நடந்தது என்று மேனேஜர் கேட்டார். எப்சி உண்மையைச் சொன்னாள்: “சித்தி ஜெபம் பண்ணினாங்க சார்.”

“திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்துடுங்க.” போன் வைக்கப்பட்டுவிட்டது.

“திங்கட்கிழமை சென்னைக்கு வந்துடணுமாம் சித்தி” என்றாள் எப்சி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நெசமாவே போறியாட்டி? நிச்சயமாவா?”

எப்சிக்குக் கோபம் வரவில்லை.

“அந்த மேனேஜர் ‘நிச்சயமா’ன்னு கேக்கவே இல்லையே சித்தி” என்றாள்.